லிஸ்டிங்கின் மூலப்படி யாரிடம் இருக்கிறது?

2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பால், நெய், வெண்ணெய் பாக்கெட்டுகளில் ‘ஏ1’, ‘ஏ2’ என்று போட்டு விற்பது வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கிறது. அந்த வேறுபாடு பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தைப் பற்றியது, நெய் போன்ற கொழுப்புப் பொருளுக்கு அதைச் சொல்வது சரியல்ல என்றது ஆணையம். ஏற்கெனவே அச்சடித்த லேபிள்களைத் தீர்த்துக்கொள்ள ஆறு மாதம் கொடுத்தது. இணையச் சந்தைகளுக்கு மட்டும் அவகாசம் இல்லை. உடனே நீக்கச் சொன்னது. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 26 அன்று, இன்னும் கலந்து பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாட்டு மாட்டு நெய்யை இணையத்தில் விற்கும் ஒரு சிறு வியாபாரியின் பக்கத்தில் நின்று இந்த ஐந்து நாட்களைப் பாருங்கள். பயந்துபோய் லிஸ்டிங்கையே அழித்தவர், அதோடு சேர்ந்து பல மாதமாகச் சேர்ந்த ரிவியூக்களையும் தேடலில் பிடித்திருந்த இடத்தையும் இழக்கும் நிலையில் நிற்பார். தலைப்பை மட்டும் திருத்தியவர், பழைய தலைப்பு என்னவென்று நினைவிலிருந்து தேடிக்கொண்டிருப்பார். திருத்துவதற்கு முன் பழையதை அப்படியே தன் கணினியில் எடுத்து வைத்திருந்தவர், 27-ஆம் தேதி காலையில் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியிருப்பார். மூவருக்கும் சட்ட அறிவு ஒன்றுதான், செல்வாக்கும் ஒன்றுதான். மூன்றாமவரிடம் மூலப்படி இருந்தது. மற்ற இருவரும் தளத்தில் இருப்பதையே மூலம் என்று நம்பியிருந்தார்கள். இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதைத்தான். சந்தைத் தளத்தில் தெரிவது நகல். மூலப்படி உங்களிடம் இருக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று உங்கள் கைவசம் இருக்க வேண்டும்.

இதை முதலில் மனதளவில் ஏற்பதுதான் கடினம். படம் எடுத்ததும் விவரம் எழுதியதும் நாம்தான். ஆகவே பக்கமும் நம்முடையது என்றுதான் தோன்றும். ஆனால் அமேசானில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்தான்; அதே பொருளை விற்கும் பத்துப் பேரும் அந்த ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் ஏற்றிய படத்தையும் எழுத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை, கணக்குத் தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் தளத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். சில வேளை தளமே இல்லாமல் போய்விடுகிறது: 2017-இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போன ஈபே இந்தியா, 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. பெரிய வியாபாரிகளுக்கும் இதில் விலக்கில்லை. அந்நிய முதலீட்டு விதி மாறிய 2019 பிப்ரவரி 1 அன்று, அமேசானே பங்கு வைத்திருந்த கிளவுட்டெயில் நிறுவனத்தின் பொருட்கள் அமேசான் இந்தியாவின் பக்கங்களிலிருந்து மறைந்தன. பங்கு விகிதத்தை மாற்றியமைத்த பிறகுதான் அந்த நிறுவனம் திரும்பி வந்தது.

‘தளம் திடீரென்று விதியை மாற்றிவிட்டது’ என்று சொல்கிறோமே, அந்தத் ‘திடீர்’ பெரும்பாலும் நாம் கவனிக்காததால் வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 பிப்ரவரியில் வெளியானது. நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரி 1-இல். பத்து மாதத்துக்கு மேல் இடைவெளி. அதற்குள் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அங்கீகாரத்துடன் செய்பவர்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையிலிருந்து விலக்கும் கிடைத்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு பொம்மையின் பெயருக்குக் கிடைத்ததல்ல. தான் அங்கீகரிக்கப்பட்டவர் என்று காட்டக்கூடியவருக்குக் கிடைத்தது. 2023 ஜனவரியில் முத்திரையில்லாத பொம்மைகள் விற்பனைக்கு இருப்பதாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல் ஆகியவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இப்படி நோட்டீஸ் வாங்கிய தளம் ஒவ்வொரு விற்பனையாளரையும் கூப்பிட்டு விசாரிக்காது. சான்றுத் தாள் இல்லாத லிஸ்டிங்கை முதலில் இறக்கிவிட்டு, பிறகுதான் கேள்வி கேட்கும்.

ஆக, விதிமாற்றம் வரும் வழிகள் வேறு வேறு. அரசு ஆணையிலிருந்து வருவதை அரசிதழும் துறையின் இணையதளமும் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிவிடும். கமிஷன், ஷிப்பிங் கட்டணம் போன்ற தளத்தின் சொந்த வியாபார முடிவுகள் செல்லர் அக்கவுண்டுக்கு அறிவிப்பாக வரும். அதில் செய்வதற்கு அதிகமில்லை, கணக்குப் போட்டுப் பார்த்து விலையை மாற்றலாம் அல்லது விலகலாம். மூன்றாவது, இருக்கிற விதியையே தளத்தின் மென்பொருள் புதிதாகக் கண்டிப்புடன் அமலாக்குவது. விதி பழையது, பிடிப்பது புதிது. தூக்கத்தைக் கெடுப்பது இந்த மூன்றாவது வகைதான். மூலப்படி அதிகம் உதவுவதும் இங்கேதான்.

மூலப்படி என்றால் என்னவென்று ஒரு சத்துமாவு பாக்கெட்டை வைத்துப் பார்ப்போம். கணினியில் அந்தப் பொருளுக்கென்று ஒரு ஃபோல்டர். அதில் தலைப்பு, ஐந்து குறிப்பு வரிகள், நீண்ட விவரம், தேடல் சொற்கள் எல்லாம் ஒரு கோப்பில், தேதியுடன். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பழையதன்மேல் எழுதாமல் புதுத் தேதியில் இன்னொரு கோப்பு. தளம் சுருக்கிக் காட்டும் படங்கள் போதாது. கேமராவில் எடுத்த முழு அளவுப் படங்கள் இருக்க வேண்டும். பாக்கெட்டின் ஆறு பக்கமும் தெளிவாகத் தெரியும் படங்கள்: முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரம், மேல் மடிப்பு, அடிப்பகுதி. அவற்றில் 14 இலக்க உணவு உரிம எண், எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை வாசிக்கும்படி இருக்க வேண்டும். உரிமத்தின் நகல், ஜி.எஸ்.டி. சான்றிதழ், பரிசோதனைக்கூட அறிக்கை, கடந்த ஓராண்டில் கேழ்வரகும் கம்பும் பொட்டுக்கடலையும் வாங்கிய பில்கள். கடைசியாக, செல்லர் அக்கவுண்டிலிருந்து மாதம் ஒருமுறை இறக்கும் இன்வென்டரி ரிப்போர்ட்டும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டும். கணக்கு முடங்கிய பிறகு இவற்றை இறக்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தாள்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். உரிமத்தில் ‘நெ. 12, பிள்ளையார் கோயில் தெரு’ என்றும், ஜி.எஸ்.டி. சான்றிதழில் ‘12ஏ’ என்றும், லேபிளில் பழைய வீட்டு முகவரியும் இருந்தால், வாசிக்கும் மனிதருக்கு மூன்றும் ஒரே இடம் என்று புரியலாம். ஒப்பிடும் மென்பொருளுக்குப் புரியாது. உரிமத்தில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து மற்ற எல்லாவற்றிலும் வரும்படி இன்றே திருத்தத் தொடங்குங்கள். இணையத்தில் சொல்லும் சிறப்புகள் லேபிளில் உள்ளதை மீறக் கூடாது என்று உணவு ஆணையமும் 2024 நவம்பரில் இணைய விற்பனைத் தளங்களிடம் சொல்லியிருக்கிறது. டெலிவரியின்போது காலாவதிக்கு 45 நாளோ, பொருளின் மொத்த ஆயுளில் 30 சதவீதமோ மிச்சமிருக்க வேண்டும் என்றதும் அப்போதுதான். எந்த பேட்ச் எந்தத் தேதியில் கிடங்குக்குப் போனது என்ற ஒரு நோட்டு இல்லாதவர், இதைக் கடைப்பிடித்தாலும் நிரூபிக்க முடியாமல் தவிப்பார்.

இனி சொற்களுக்கு வருவோம். 2024 ஏப்ரல் 2 அன்று உணவு ஆணையம் இணையச் சந்தைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பால், தானியம், மால்ட் ஆகியவற்றால் ஆன பானக் கலவைகளை ‘ஹெல்த் டிரிங்க்’, ‘எனர்ஜி டிரிங்க்’ என்ற பிரிவுகளில் வைக்கக் கூடாது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்றது. ஏப்ரல் 10 அன்று மத்திய வர்த்தக அமைச்சகமும் போர்ன்விட்டாவைப் பெயர் சொல்லியே அதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் சத்துமாவு விற்கும் சுயஉதவிக் குழுவுக்கும் இது பொருந்தும். அவர்கள் பொருளும் தானியக் கலவைதானே. போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவு பற்றிய சர்ச்சை 2023 ஏப்ரலிலேயே தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் வரை போயிருந்தது. ஓராண்டாகக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்தே இருந்தது. அந்த ஓராண்டில் தன் பொருளை ‘தானிய மாவு’ப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டவருக்கு ஏப்ரல் மாதம் சாதாரண மாதமாகவே போயிருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘ஹெல்த் என்று தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பொருள் கண்ணிலேயே படாது. விதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை விற்றதெல்லாம் லாபம்.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. தேடல் சொல்லை இழந்தால் சில வாரம் விற்பனை குறையும். ஆனால் மீதிப் பாதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விதி வரும்போது தளம் உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்லை மாற்றுவதில்லை, பக்கத்தையே முடக்குகிறது. அதுவரை அந்தச் சொல்லால் வந்த ஆர்டர், ரிவியூ, தேடலில் கிடைத்த இடம் எல்லாம் அந்தப் பக்கத்தோடு நின்றுபோகின்றன. சான்றில்லாத சொல்லின்மேல் எழுப்பிய விற்பனை அந்தச் சொல் விழும் நாளில் மொத்தமாக விழும். ‘கேழ்வரகு’, ‘கம்பு’, ‘முளைகட்டிய பயறு’ என்று பொருளில் உண்மையாக இருப்பதைச் சொல்லிச் சேர்த்த விற்பனைக்கு அந்த ஆபத்து இல்லை. இந்தச் சொற்களையும் மக்கள் தேடத்தான் செய்கிறார்கள். ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ போன்ற வரிகளில் விவாதத்துக்கே இடமில்லை. தவறான உணவு விளம்பரத்துக்குச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. ‘நேச்சுரல்’, ‘பியூர்’, ‘டிரெடிஷனல்’ போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கும் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளில் நிபந்தனைகள் உண்டு. லிஸ்டிங்கில் உள்ள ஒவ்வொரு பெயரடையையும் விரலால் தொட்டு, ‘இதற்கு என்ன தாள் இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத சொல்லை எடுத்துவிடுங்கள்.

வடிவ விதிகளும் இதே போலத்தான். 2025 ஜனவரி 21 முதல் அமேசான் தலைப்புகளுக்குப் புது வரம்பு வைத்தது: இடைவெளி உட்பட 200 எழுத்துக்குமேல் கூடாது, ஒரே சொல் இரண்டு தடவைக்குமேல் வரக் கூடாது, ஆச்சரியக்குறி, கேள்விக்குறி, டாலர் குறி போன்றவை ஆகாது. ‘சத்துமாவு ஹெல்த் மிக்ஸ் | குழந்தைகள் ஹெல்த் மிக்ஸ் | சிறுதானிய ஹெல்த் மிக்ஸ்!’ என்று எழுதியிருந்த தலைப்பு அன்றே விதிமீறலாகிவிடும். நீங்கள் திருத்தாவிட்டால் தளம் தானாகவே திருத்தும் ஏற்பாடும் அதோடு வந்தது. அப்படித் திருத்தும்போது உங்கள் பிராண்டுக்கு முக்கியமான சொல் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு பொருளுக்கு 200 எழுத்துத் தலைப்பு ஒன்றும், 80 எழுத்துத் தலைப்பு ஒன்றும் மூலப்படியிலேயே எழுதி வைத்திருப்பவர், எந்தத் தளம் எந்த வரம்பு வைத்தாலும் எடுத்து ஒட்டிவிடலாம்.

மாற்றம் வந்துவிட்ட நாளில் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் செய்யும் தவறுகள்தான் விதியைவிட அதிக சேதம் செய்கின்றன. லிஸ்டிங்கை அழிக்காதீர்கள், ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கினால் விற்பனை நிற்கும், பக்கம் இருக்கும். முதலில் அறிவிப்பையும் அப்போதைய பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோல்டரில் போடுங்கள். பிறகு, அதிகம் விற்காத ஒரு பொருளில் மட்டும் திருத்தம் செய்து ஒரு நாள் பாருங்கள்; ஏற்றுக்கொள்ளப்பட்டால் மற்றவற்றுக்குப் போங்கள். நூறு பொருளையும் ஒரே எக்செல் ஷீட்டில் மாற்றி ஏற்றிவிட்டால், எது தவறு என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. முடங்கிய பொருளையே புது எஸ்.கே.யு. (பொருள் குறியீடு) போட்டு மறுபடி ஏற்றுவதும், வீட்டில் இன்னொருவர் பெயரில் இரண்டாவது கணக்குத் தொடங்குவதும் சிலர் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழிகள். தளங்கள் வங்கிக் கணக்கு, முகவரி, கணினி ஆகியவற்றை வைத்துக் கணக்குகளை முடிச்சுப் போட்டுப் பார்க்கின்றன. அகப்பட்டால் ஒரு லிஸ்டிங் மட்டும் போயிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கணக்கும் போய்விடும்.

‘தாளெல்லாம் சரியாக இருந்தும் முடக்குகிறார்களே, டிக்கெட் போட்டால் மெஷின்தானே பதில் சொல்கிறது’ என்பது இன்னொரு மறுப்பு. இந்தக் குமுறலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தளம் தன் நிபந்தனைகளை மாற்றினால் வியாபாரிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும். அப்படியொரு கவசம் இங்கேயும் வேண்டும். அதற்காகச் சிறு வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து பேச வேண்டும். நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், ஒரே வகை விற்பனையாளர்களிடையே வேறுபாடு காட்டினால் அதைத் தன் நிபந்தனைகளில் தளம் விவரிக்க வேண்டும் என்கின்றன. மற்றபடி அவை பெரிதும் வாங்குபவரைக் காக்கவே வந்தவை. சட்டத்தின் துணை இவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் தாளின் கனம் கூடுகிறது. மேல்முறையீட்டை மெஷின் படித்தாலும் மனிதர் படித்தாலும், கோபம் நிறைந்த இரண்டு பக்கக் கடிதத்தை விட மூன்று சிறு பத்திகள் விரைவில் வேலை செய்யும்: என்ன தவறு நேர்ந்தது, அதை எப்படிச் சரிசெய்தோம், மறுபடி வராமல் இருக்க என்ன ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தாள். தவறே நேரவில்லையென்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். பக்கத்தை விரைவில் திறந்துவிடுவார்கள் என்ற ஆசையில் செய்யாத தவறை ஒப்புக்கொண்டால், அது உங்கள் கணக்கின் பதிவில் நிரந்தரமாக நின்றுவிடும்.

உங்கள் பிராண்டுப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்வதும் மூலப்படியின் ஒரு பகுதியே. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சென்னையில் கிண்டியில் இதற்கான அலுவலகம் இருக்கிறது. பதிவு இல்லாத உங்கள் பிராண்டின் பக்கத்தில் இன்னொருவர் வந்து ஒட்டிக்கொண்டு தரமற்ற மாவை விற்றால், அந்தப் பொருளுக்கு வரும் புகாரும் உங்கள் பக்கத்தில்தான் விழும். விதி மீறாமலே விதிமீறல் பட்டியலில் வந்து நிற்பீர்கள்.

தளத்துக்கு வெளியே வாடிக்கையாளரைச் சேர்ப்பது பற்றி ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். பாக்கெட்டுக்குள் ‘அடுத்த முறை நேரடியாக வாட்ஸாப்பில் வாங்குங்கள்’ என்று துண்டுச்சீட்டு வைப்பது தளத்தின் விதிக்கு எதிரானது. கணக்கைப் பாதுகாக்கப் போய் கணக்கைப் பணயம் வைக்க வேண்டாம். ஆனால் எடையளவுச் சட்டத்தின் விதிகளே ஒவ்வொரு பாக்கெட்டிலும் வாடிக்கையாளர் தொடர்பு எண்ணைப் போடச் சொல்கின்றன. பெரும்பாலான சிறு பாக்கெட்டுகளில் அது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. அந்த எண்ணைத் தெளிவாக அச்சடியுங்கள். அழைப்பு வந்தால் எடுங்கள். பக்கம் முடங்கிய வாரத்திலும் சமையலறை அலமாரியில் இருக்கும் பாக்கெட்டில் உங்கள் எண் இருக்கும்.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே? மாவு அரைப்பதா, ஃபோல்டர் போடுவதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வரம்பு சொல்லலாம். ஐம்பது பொருள் இருந்தாலும் ஐம்பதுக்கும் இன்றே செய்ய வேண்டாம். அதிகம் விற்கும் பொருள் ஒன்றை எடுங்கள். அடுத்த பேட்ச் லேபிள் அச்சுக்குப் போவதற்குள் இப்போதைய பாக்கெட்டின் ஆறு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். தலைப்பையும் விவரத்தையும் தளத்திலிருந்து எடுத்து ஒரு கோப்பில் ஒட்டித் தேதி போடுங்கள். உரிமத்தை எதிரே வைத்துக்கொண்டு முகவரியை எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். இரண்டாவது பொருள் அடுத்த வாரம். மாதத்தில் ஒரு நாள், செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கும் அதே நாளில், உணவு ஆணையத்தின் தளத்தில் புதிய உத்தரவுகள் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருளின் பெயரோ அதன் மூலப்பொருளின் பெயரோ கண்ணில் பட்டால், அந்த உத்தரவையும் அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு அதன் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.